சிறைப்பட்டோருக்காக மனுச் செய்ய வல்லவர் யார்?

எவருடைய உரிமை பறிக்கப்பட்டதோ அவரே வழக்குத் தொடர வேண்டும் என்பது சட்ட மரபு. ஆயினும் ஆட்கொணர்வு மனு தொன்றுதொட்டு இதற்கு விலக்காகவே இருந்து வந்துள்ளது. அடைபட்டுக் கிடப்பவனிடம், "நீயே வந்து முறையிடு" என்பது நகைப்புக்குரியதன்றோ? ஆகவே மனைவியோ, தந்தையோ, நண்பரோ அவன் பொருட்டு மனுச் செய்யலாம்.

1979ஆம் ஆண்டில் இவ்வழி மேலும் அகன்றது. பீகார் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்காய் வாடியவர்களைக் குறித்து, காவல்துறை உயர் அதிகாரியாயிருந்த ருஸ்தம்ஜி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளேட்டில் எழுதினார். அதன் அடிப்படையில் புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்னும் பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அக்கைதிகள் அவருக்கு உறவினரல்லர். அவர்களுட் சிலர், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் பெற்றிருக்கக்கூடிய உச்ச தண்டனையினும் நெடுங்காலம் உள்ளே இருந்தனர்! விரைவான விசாரணை அடிப்படை உரிமையே என நீதிமன்றம் அறுதியிட்டது. பலர் விடுதலையாயினர்.

அவ்வாண்டு டிசம்பரில் வந்த தீர்ப்போ இதனினும் வியப்புக்குரியது. தில்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாயிருந்த சுனில் பத்ரா நீதிபதி ஒருவருக்கு மடல் வரைந்தார். தமக்காக அன்று, காவலரால் கொடுமைக்குள்ளான வேறொரு கைதிக்காக! அம்மடலையே மனுவாக ஏற்று நீதிமன்றம் விசாரித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர்.

இதற்கு வரம்பில்லை என எண்ணிவிடலாகாது. 1992இல், தூக்குத் தண்டனை பெற்ற இருவருக்காக அரசியல் தலைவர் ஒருவர் தொடுத்த மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளியது. அவ்விருவரும் அதனை வேண்டவில்லை; சிறுவயதினரோ மனநலம் குன்றியோரோ அல்லாதார்மீது வந்த குற்றத் தீர்ப்பை அயலார் எதிர்க்க இயலாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. அவ்வாண்டிலேயே அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். கேட்கக் கடினமெனினும், இவ்வரம்பு தேவையானதே என்பேன். கைதியாயினும் தன் வழக்கைத் தானே தீர்மானிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. அவன் பெயரால் பிறர் தம் அரசியலை நடத்தலாகாது.

சட்டவிரோதக் காவலெனில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். வழக்கறிஞரை அமர்த்தப் பொருளில்லையே எனக் கலங்க வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காவலில் உள்ள எவரும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் குடும்பத்தாரே விண்ணப்பிக்கலாம். கைதியின் பெயர், சிறை, கைதான நாள், காவல் நிலையம், தெரிந்தால் குற்ற எண் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்க.