க்யூட் கம்பைல் செய்யும்போது ஒட்டிக்கொள்ளும் லைப்ரரிகள்

"என் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது, அடுத்தவர் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை, ஏன்?" லினக்ஸில் புரோகிராம் எழுதும் பலரும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் குற்றம் உங்கள் புரோகிராமில் இருக்காது. அது நம்பியிருக்கும் லைப்ரரிகளில் இருக்கும். ஜன்னல், பட்டன், மெனு போன்றவற்றை அமைத்துத் தரும் க்யூட்டை நாமே சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யும்போது இந்தத் தொல்லை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். (கட்டளைகளின் உச்சரிப்பை மட்டும் தமிழில் தந்துள்ளேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளைப் பயன்படுத்துங்கள்.)

ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் உண்டு. வீட்டில் உட்கார்ந்து தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. அப்படி ஒரு யூனிட்டுக்கு, வேலூரில் படிக்கும் மாணவர் ஒருவர் க்யூட் 5.15-ஐக் கம்பைல் செய்து கூலிக் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். அவர் லேப்டாப்பில் உபுண்டு 20.04, யூனிட்டில் உபுண்டு 22.04. சனிக்கிழமை கூலி போடும் நேரத்தில் புரோகிராம் திறக்கவில்லை. ஐசியூ லைப்ரரியின் 66-ஆம் பதிப்பைக் காணோம் என்று டெர்மினலில் செய்தி. அன்று பழைய நோட்டைப் பார்த்துத்தான் கூலி கொடுத்தார்கள். பிறகு அந்த லேப்டாப் என்னிடம் வந்தது.

ஐசியூ என்பது யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் லைப்ரரி. உபுண்டு 20.04-ல் அதன் பதிப்பு எண் 66, 22.04-ல் 70. இந்த எண் ஃபைல் பெயரிலேயே இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று உதவாது. மாணவர் ஐசியூவைக் கேட்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. க்யூட்டின் 'கான்ஃபிகர்' கட்டளை, கம்பைல் தொடங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரைத் துழாவிப் பார்க்கும். ஐசியூ, ஜிலிப், கப்ஸ் போன்றவற்றின் டெவலப்மென்ட் பேக்கேஜ்கள் இருந்தால் உங்களிடம் கேட்காமலே சேர்த்துக்கொள்ளும். வேறு எதற்காகவோ நீங்கள் என்றோ போட்ட பேக்கேஜ் இப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது.

எனவே வேண்டாததை 'வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புதிய ஃபோல்டர் ஒன்றில் கான்ஃபிகர் கட்டளையுடன் '-நோ-ஐசியூ', '-நோ-ஜிலிப்' ஆகியவற்றைக் கொடுத்தோம். '-க்யூடி-ஸெட்லிப்', '-க்யூடி-லிப்பிஎன்ஜி', '-க்யூடி-பிசிஆர்இ', '-க்யூடி-ஹார்ஃப்பஸ்' என்று கொடுத்தால் சிஸ்டத்தில் உள்ளதை விட்டுவிட்டு, க்யூட்டுடன் வரும் பிரதியையே உள்ளே சேர்த்துக்கொள்ளும். '-ஸ்கிப் க்யூடிவெப்எஞ்சின்' கொடுக்க மறக்காதீர்கள். கூலிக் கணக்குக்குப் பிரவுசர் எஞ்சின் எதற்கு? அது ஒன்றே சாதாரண லேப்டாப்பில் பல மணி நேரத்தை விழுங்கிவிடும். கான்ஃபிகர் முடிந்ததும் 'கான்ஃபிக்.சம்மரி' என்ற ஃபைல் உருவாகும். அதை வரி வரியாகப் படித்த பிறகே கம்பைலைத் தொடங்குங்கள்.

வெட்டுவதிலும் நிதானம் வேண்டும். இணையத்தில் யாரோ கொடுத்த நீளமான 'நோ' பட்டியலை அப்படியே ஒட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. '-நோ-கப்ஸ்' கொடுத்தால் லினக்ஸில் பிரிண்டருக்கு அனுப்ப முடியாது, பிடிஎஃப் மட்டுமே கிடைக்கும். கூலிச் சீட்டு எப்படி அச்சாகும்? '-நோ-டிபஸ்' கொடுத்தால் ஐபஸ் வழியாகத் தமிழ் டைப் செய்வதற்கான பிளக்இன்னும் சேர்ந்து போய்விடும். அதனால் இந்த இரண்டையும் விட்டுவைத்தோம்.

ஐசியூ போனால் தமிழ் எழுத்து உடையுமா என்று மாணவர் பயந்தார். உடையாது. கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வைப்பது ஹார்ஃப்பஸ். கவனிக்க வேண்டியது அகர வரிசை. ஐசியூ இல்லாதபோது க்யூட் அந்த வேலையைச் சிஸ்டத்தின் மொழி அமைப்பிடம் விட்டுவிடும். அந்த அமைப்பு சரியில்லை என்றால் பெயர்கள் யூனிகோட் எண் வரிசையில் நிற்கும். யூனிகோடில் 'ன' எழுத்து 'ந'வை அடுத்தே வருகிறது. நம் வரிசையிலோ அது கடைசி. ஆகவே கமலாவுக்கு முன்னால் கன்னியப்பன் வந்தால் மொழி அமைப்பைப் பாருங்கள். யூனிட்டில் சோதித்தபோது கமலாதான் முதலில் வந்தார்.

ஐசியூ கட்டாயம் வேண்டும் என்பவர்கள் அதன் மூன்று ஃபைல்களையும் புரோகிராமுடன் சேர்த்துக் கொடுக்கலாம். தகவல் ஃபைல் மட்டுமே 25 எம்பியைத் தாண்டும்.

கம்பைல் முடிந்ததும் 'எல்டிடி' கட்டளையால் சோதியுங்கள். எல், டி, டி என்ற மூன்றே எழுத்து. அதன் பின்னால் புரோகிராமின் பெயரைக் கொடுத்தால் தேவைப்படும் லைப்ரரிகள் எல்லாம் வரிசையாக வரும். அடுத்தவர் கம்ப்யூட்டரில் இதைச் செய்து, 'நாட் ஃபவுண்ட்' என்று எந்த வரியாவது இருக்கிறதா என்று பார்க்கவும். பிளக்இன்கள் இதில் தெரியாது. 'பிளாட்ஃபார்ம்ஸ்' ஃபோல்டரில் உள்ள எக்ஸ்சிபி பிளக்இன்னைத் தனியாக எல்டிடி செய்ய வேண்டும். ஓபன்எஸ்எஸ்எல்லும் இதில் சிக்காது. க்யூட் 5 அதை வழக்கமாக ஓடும்போதுதான் தேடும். உங்கள் புரோகிராம் இணையத்துக்குப் போவதாக இருந்தால் அதைத் தனியே சோதியுங்கள்.

இந்த வைத்தியம் பலித்ததற்கு இன்னொரு காரணம், மாணவர் பழைய உபுண்டுவில் கம்பைல் செய்து புதியதில் ஓட்டியது. மாறாக 22.04-ல் கம்பைல் செய்து 20.04-க்குக் கொண்டுபோனால் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியே தடுத்துவிடும். எந்த 'நோ'வும் உதவாது. கொடுக்கப்போகும் கம்ப்யூட்டர்களில் எது மிகப் பழையதோ, அந்தப் பதிப்பிலேயே கம்பைல் செய்யுங்கள்.