கருத்த திரைக்குள் ஓடும் படம்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது காஹாங். மாலையில் மழை பிடித்து, இடி இடித்து, கரண்டு ஒருமுறை போய்த் திரும்பிய பிறகு டிவியைப் போட்டால் சில வீடுகளில் இப்படி நடக்கும்: படம் ஒரு நொடி பளிச்சென்று வரும், உடனே திரை கருத்துவிடும். செய்தி வாசிப்பவரின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். "திரை போச்சு, புதுசுதான் வாங்கணும்" என்று வீட்டில் பேச்சு எழும்.

அதற்கு முன் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பல சமயம் வாசிப்பவரின் முகமும் கீழே ஓடும் எழுத்தும் மங்கலாகத் தெரியும். படம் அங்கேயேதான் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை.

எல்சிடி திரை தானாக ஒளி தருவதில்லை. பின்னால் எல்இடி பட்டைகள் வெள்ளை ஒளியைப் பாய்ச்சுகின்றன. முன்னால் இருக்கும் திரவப் படிகம், மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திரும்பி, ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளியை விடுவது என்று தீர்மானிக்கிறது. கடையில் எல்இடி டிவி என்று விற்பதில் பெரும்பாலானவை இந்த வகைதான். அந்த எல்இடிகள் தீபாவளி சீரியல் விளக்கைப் போல வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுக்க இருளும். அவற்றுக்கு மின்சாரம் தரும் சுற்று, கோளாறை உணர்ந்ததும் தன்னையே நிறுத்திக்கொள்ளும். ஒரு நொடி வெளிச்சம் வந்து போவதற்குக் காரணம் இதுதான்.

குரலும் இல்லை, சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது என்றால் சந்தேகம், வீட்டு மின்சாரத்தை டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் போர்டின் பக்கம் திரும்பும். அங்கே நடக்கும் வேலை எனக்கு எப்போதும் வியப்பு. மலேசியாவில் 2008 ஜனவரி 1 முதல் வீட்டு மின்னழுத்தம் பெயரளவில் 230 வோல்ட். அதற்கு முன் 240. இந்த மாறுமின்சாரம் ஒரு நொடியில் 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. அந்த நேரமெல்லாம் டிவி அணைந்து எரிய வேண்டுமல்லவா? அப்படி ஆவதில்லை. உச்சத்தில் 325 வோல்ட் வரை எழும்போது சேர்த்துவைத்த மின்னூட்டத்தைக் கொடுத்து, கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கி இடைவெளியை நிரப்புகிறது. பிறகு அந்த மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டப்பட்டு, சிறிய மின்மாற்றி வழியாக 12, 24 வோல்ட் என்று அளவாக இறங்கி, மறுபடியும் மின்தேக்கிகளால் சீராக்கப்படுகிறது.

இந்த வேலை பிசகினால் என்ன ஆகும் என்பதைப் பழைய குழாய் டிவிகள் கண்ணுக்கு நேராகக் காட்டின. மலேசியாவில் ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. அந்த ஒளிபரப்பு முறையில் படம் நொடிக்கு 50 முறை வரையப்படும். மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ். மின்தேக்கி தளர்ந்தால் திரையில் கருநிழல் பட்டை ஒன்றோ இரண்டோ மெதுவாக நகரும். பெயரளவில் இரண்டும் 50 என்றாலும், நடைமுறையில் இடையே உள்ள நூலிழை வித்தியாசம்தான் அந்த நகர்வுக்குக் காரணம். மாலையில் மட்டும் ஜெனரேட்டர் ஓடிய தோட்டப்புற லயங்களில் அதிர்வெண் நிலையாக இராது. பட்டையும் வேகம் கூடிக் குறைந்து ஓடும். அழுத்தம் இறங்கினால் படம் ஓரங்களில் சுருங்கும். இன்றைய பவர் போர்டுகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்பதால் அந்தக் காட்சிகள் மறைந்துவிட்டன.

மின்தேக்கியின் பலவீனம் மட்டும் மறையவில்லை. அலுமினியத் தகடு, திரவம் தோய்ந்த காகிதம், தகட்டின்மேல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஆக்சைடு படலம்: உள்ளே இவ்வளவுதான். திரவம் வருடக்கணக்கில் மெல்ல ஆவியாகிறது, உள்மின்தடை ஏறுகிறது. குளிர்ந்திருக்கும்போது அந்தத் தடை இன்னும் அதிகம், சூடானால் குறையும். "நாலஞ்சு தடவை போட்டாதான் டிவி வருது" என்று சொல்லப்படும் நோய் பெரும்பாலும் இதுவே. மூடியைத் திறந்தால் தட்டையாக இருக்கவேண்டிய மின்தேக்கியின் தலை உப்பியிருக்கும்.

காஹாங்கின் வெப்பம் இங்கேதான் கணக்கில் வருகிறது. சாதாரண மின்தேக்கி ஒன்றின்மேல் 105 டிகிரி, 2,000 மணி நேரம் என்று குறித்திருப்பார்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் விதி. டிவிக்குள் 65 டிகிரி என்றால் 32,000 மணி நேரம். நாளுக்கு 6 மணி நேரம் பார்த்தால் 14 வருடத்துக்கு மேல். 75 டிகிரி என்றால் அதில் சரிபாதி. குளிர்நாட்டுக் கூடத்தின் 20 டிகிரிக்கும் நம் வீட்டுக் கூடத்தின் 30 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் அதே 10தான். சுவரோடு ஒட்டி, அலமாரிக்குள் காற்றுப் புகாமல் டிவியை வைப்பது எனக்கு மனம் பொறுக்காத காரியம். பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டாலே அதன் ஆயுள் கூடும்.

இடி விஷயத்தில் இன்னொன்று. பிளக்கைப் பிடுங்கினால் போதாது. மின்னலின் வீச்சு ஏரியல் கம்பி வழியாகவும், கூரையிலுள்ள செயற்கைக்கோள் தட்டிலிருந்து வரும் கேபிள் வழியாகவும் உள்ளே நுழையும். அவற்றையும் கழற்ற வேண்டும், அதுவும் மேகம் கருக்கும்போதே. இடி தொடங்கிய பிறகு கம்பியில் கைவைக்கக் கூடாது.

மூடியைத் திறக்கும் வேலை பழுது பார்ப்பவருடையது. பிளக்கை எடுத்த பின்னும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஆளைக் கொல்ல அது போதும். அவரிடம் கொடுக்கும்போது குரல் வந்ததா, சிவப்பு விளக்கு எப்படி மின்னியது, டார்ச் வெளிச்சத்தில் படம் தெரிந்ததா என்ற மூன்றையும் சொல்லுங்கள். போர்டையே மாற்றலாம் என்று அவர் சொன்னால், உப்பிய மின்தேக்கிகளை மட்டும் மாற்றிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அவை சில ரிங்கிட் சாமான். 85 டிகிரி வகை வேண்டாம், 105 டிகிரி வகையே போடச் சொல்லுங்கள்.