அரை நொடி விக்கல்
'மெட்ராய்ட் பிரைம்' ஆட்டத்தில் கதவு திறக்கிறது. எதிரி பாய்கிறான். அந்த நேரம் பார்த்துப் படம் உறைகிறது. மீள்வதற்குள் ஆட்டக்காரரின் கதை முடிந்திருக்கும்.

நின்டெண்டோவின் கேம்கியூப் (2001) இப்போது தயாரிப்பில் இல்லை. அதன் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் இலவச எமுலேட்டர், 2003ல் வந்த டால்ஃபின். ஆர்வலர்கள் வளர்த்த அதைப் பல ஆண்டுகள் வாட்டியது இந்த விக்கல். விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் தப்பவில்லை.

காரணம் இதுதான்: கேம்கியூப் சிப்பில் ஒளியையும் நிறத்தையும் ஆட்டம் நினைத்தபோது மாற்றும். கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டுக்கோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'ஷேடர்' என்ற குட்டி புரோகிராமைப் புதிதாகத் தயாரித்துத் தரவேண்டும். புது வெடிப்பு, புது ஷேடர், புது விக்கல். தயாராகும்வரை அந்தப் பொருளை வரையாமல் விட்டால் வேகம் குறையாது. ஆனால் திரையில் பொருட்கள் காணாமல் போகும். இது என்ன வைத்தியம்?

2017 ஜூலையில் விடிவு வந்தது. சிப்பின் வேலை முழுவதையும் கார்டுக்குள்ளேயே செய்யும் ஒரே ராட்சத ஷேடர். கார்டு தாங்காது என்று முன்பு ஒதுக்கப்பட்ட யோசனைதான். இப்போது ராட்சதன் சில கணங்கள் சமாளிக்க, பின்னணியில் குட்டி ஷேடர் தயாராகிறது. அது வந்ததும் ராட்சதன் விலகிக்கொள்கிறான். சுமாரான கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அந்தச் சில கணங்களே பெரும் பாரம்.