மங்கிய திரையும் மாறிய நிறமும்

கணினித் திரையில் நிறம் மாறித் தோன்றினால், "திரை கெட்டுவிட்டது, வேறு வாங்க வேண்டியதுதான்" என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். படம் தெரிகின்ற இடம் திரை. ஆதலால் பழியும் திரையின் மீதே விழுகிறது. எய்தவன் இருக்க அம்பை நோவது போன்றதே இச்செயல். படம் கணினியில் உருவாகிறது. கேபிள் வழியே செல்கிறது. இறுதியில்தான் திரையை அடைகிறது. இம்மூன்றனுள் எது பழுதுற்றாலும் விளைவு திரையில்தான் புலப்படும். கழித்து மூலையில் போடப்படும் திரைகளுள், கேபிளை மாற்றினாலே நலம் பெறக்கூடியவையும் உண்டு. பள்ளிக் கணினிக் கூடத்தில் ஒரு திரை குறைந்தால், இரு மாணவர் ஒரே திரையைப் பங்கிட்டுக்கொள்ள நேரும். எனவே, பழுதின் இடத்தைக் கண்டறியும் முறையை அறிந்துகொள்வது பயனுள்ள காரியமாகும்.

2000-ஆம் ஆண்டுக்குப் பிந்திய பத்தாண்டுகளில் பரவலாக விற்பனையான 17 அங்குல, 19 அங்குலத் தட்டைத் திரைகளையே இங்கே எடுத்துக்கொள்வோம். இவற்றுள் பெரும்பாலானவை வி.ஜி.ஏ. என்னும் கேபிளால் கணினியோடு இணைக்கப்படுபவை.

திரையின் அமைப்பு

திரவமும் அல்லாமல் திடப்பொருளும் அல்லாமல் இடைநிலையில் நிற்கும் பொருளைத் திரவப் படிகம் என்பர். 1888-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலார் பிரெடரிக் ரைனிட்சர் இப்பொருளின் விந்தைக் குணத்தை முதன்முதலாகக் கவனித்து எழுதினார். எல்.சி.டி. திரையின் உயிர்நாடி இதுவே. ஆனால் திரவப் படிகம் தானாக ஒளி வீசுவதில்லை. சன்னலின் கதவு போல, பின்னாலிருந்து வரும் ஒளியை விடுவதும் தடுப்பதுமே அதன் வேலை. பழைய திரைகளில் அவ்வொளியைத் தருபவை, வீட்டுக் குழல்விளக்கைப் போன்ற, ஆனால் பென்சிலினும் மெல்லிய விளக்குகள்.

19 அங்குலத் திரையில் பொதுவாக நீளவாக்கில் 1280, உயரவாக்கில் 1024 என மொத்தம் 13,10,720 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று உட்புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். இம்மூன்றின் கலப்பே நாம் காணும் நிறங்கள் அனைத்தும்.

மூன்று நிறங்களின் கணக்கு

ஓவிய வகுப்பில் மஞ்சள் சாயத்தையும் நீலச் சாயத்தையும் கலந்து பச்சை நிறம் உண்டாக்கக் கற்பிக்கிறோம். ஒளியின் கணக்கோ வேறு. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் தோன்றும். மூன்றும் சரியளவில் சேர்ந்தால் வெண்மை தோன்றும். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் அறிஞர், மூன்று நிற ஒளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தி வண்ணப் படம் காட்டலாம் என்பதை 1861-இல் லண்டன் நகரில் செய்து காட்டினார்.

இக்கணக்கை அறிந்தவருக்குத் திரையின் நோய்க்குறி எளிதில் விளங்கும். வெண்மையாக இருக்க வேண்டிய பக்கம் அழுத்தமான மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை என்பது பொருள். நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. ஊதா கலந்த ரோஜா நிறமாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை.

வராத நிறம் எங்கே நின்றுவிட்டது? வி.ஜி.ஏ. என்பது ஐ.பி.எம். நிறுவனம் 1987-இல் வெளியிட்ட முறையாகும். அதன் முனையில் மூன்று வரிசைகளாகப் பதினைந்து ஊசிகளுக்கு இடம் உண்டு. முதலாவது ஊசி சிவப்பையும், இரண்டாவது பச்சையையும், மூன்றாவது நீலத்தையும் சுமந்து செல்கின்றன. ஓர் ஊசி வளைந்தாலோ, உள்ளே ஒரு கம்பி அறுந்தாலோ, அந்த நிறம் மட்டும் மறைந்துபோகும். கேபிளை மெல்ல அசைக்கும்போது நிறம் வந்து வந்து போகுமானால், பழுது கேபிளிலோ அதன் பொருத்துமுனையிலோ உள்ளது என்று துணியலாம். கணினியையும் திரையையும் நிறுத்திவிட்டு, முனையைக் கழற்றி ஊசிகளைப் பார்க்க வேண்டும். சில கேபிள்களில் ஒன்பதாவது ஊசி இயல்பாகவே இருப்பதில்லை. அதைக் குறை என்று எண்ணிவிடலாகாது.

பழுதைப் பிரித்தறியும் முறை

முதலாவது, திரையின் சட்டத்திலுள்ள பொத்தானை அழுத்தி, அதன் சொந்தப் பட்டியலை வரவழையுங்கள். அப்பட்டியல் கணினியிலிருந்து வருவதன்று, திரையே வரைவது. படம் மஞ்சளாகவும் பட்டியல் இயல்பான நிறத்திலும் தெரிந்தால், கண்ணாடிப் பலகையும் விளக்கும் குற்றமற்றவை. பட்டியலும் சேர்ந்தே நிறம் மாறியிருந்தால், திரையைச் சந்தேகிக்க இடமுண்டு. அவ்வாறாயினும், நிற அளவுகளைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்கும் வசதியை முதலில் பயன்படுத்திப் பாருங்கள்.

இரண்டாவது, நல்லதென்று தெரிந்த வேறொரு கேபிளைப் பொருத்துங்கள். மூன்றாவது, அதே திரையை வேறொரு கணினியில் இணைத்துப் பாருங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கேபிளையும் கணினியையும் ஒருங்கே மாற்றினால், படம் சரியானாலும் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமற் போய்விடும்.

கருவியிலன்றி அமைப்பில் இருக்கும் காரணங்களும் உண்டு. விண்டோஸ் 10-இல் 2017 முதல் உள்ள இரவு ஒளி வசதி, படத்தை மஞ்சள் சாயலாக்கும். வண்ண வடிப்பான் என்னும் வசதி படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கிவிடும். கணினியில் பழகும் பிள்ளைகள் அறியாமல் இவற்றைத் தொட்டுவிடுவதுண்டு.

மங்கலும் இருளும்

குழல்விளக்குகள் முதுமையடையும்போது ஒளி குன்றும். வெண்மையில் மஞ்சள் சாயல் ஏறும். திரையைத் திறந்தவுடன் சற்று நேரம் செந்நிறம் காட்டிப் பின்னர் தெளிவதும் விளக்குத் தேய்ந்ததன் அடையாளமே. முன்னர்க் கூறிய நீலம் வராத மஞ்சளுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. திரை முழுவதையும் நீல நிறமாக்கிப் பாருங்கள்: நீலக் கம்பி அறுந்திருந்தால் திரை கறுப்பாகும், விளக்குத் தேய்ந்திருந்தால் மங்கலான நீலமேனும் தெரியும்.

படம் ஓரிரு விநாடி தோன்றி இருண்டுவிட்டால், அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைச் சாய்வாகத் திரைமீது அடியுங்கள். படம் நிழல்போலத் தெரிந்தால், பலகை வேலை செய்கிறது. பின்னொளி விளக்கோ, அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் இன்வர்ட்டரோதான் நின்றுவிட்டது. திரை பலமுறை சிமிட்டி, நெடுநேரம் கழித்தே ஒளி பெறுமானால், மின்வழங்கும் பகுதியில் கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கிகள் தலை வீங்கிப் பழுதாகியிருக்கக்கூடும். தேர்ந்த பணியாளர் அவற்றை எளிதில் மாற்றிவிடுவார்.

கலங்கலும் கோடுகளும்

எழுத்துகள் கலங்கித் தெரிந்தால், கணினி அனுப்பும் புள்ளிகளின் அளவு திரையின் இயல்பான அளவோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். 1280-க்கு 1024 புள்ளிகள் கொண்ட திரைக்கு 1024-க்கு 768 அனுப்பினால், ஒரு புள்ளியைப் பக்கத்துப் புள்ளிகளோடு பங்கிட்டு நிரப்ப நேர்வதால் கூர்மை கெடும். அளவு சரியாயிருந்தும் எழுத்துகள் நடுங்கினால், தானியங்கிச் சீரமைப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும்.

மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் நிற்கும் மெல்லிய கோடு, பட்டியலின் மீதும் ஊடுருவிச் சென்றால், அது பலகையின் விளிம்பிலுள்ள நுண்ணிய இணைப்பு விட்டுப்போனதைக் காட்டும். அதனைச் செப்பனிடுவது பயன் தராது. இங்கேதான் "திரை கெட்டது" என்ற தீர்ப்பு நியாயமாகிறது.

எல்லை

இதுவரை கூறிய சோதனைகளுள் ஒன்றுக்கேனும் திரையின் உறையைத் திறக்க வேண்டியதில்லை, திறக்கவும் கூடாது. 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாற்றப்படும்போது ஏறக்குறைய 325 வோல்ட் அளவில் மின்தேக்கியில் தங்குகிறது. சுவிட்சை அணைத்த பின்னரும் அது சில நேரம் அங்கேயே இருக்கும். குழல்விளக்கினுள் பாதரசமும் உண்டு. ஆகவே, உறைக்கு உட்பட்ட வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

கழித்தே ஆகவேண்டிய திரையைக் குப்பையில் எறிவதும் முறையன்று. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிகள், மின்னணுக் கழிவை எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டின்கீழ்க் கட்டுப்பாட்டுக்குரிய கழிவாக வகுத்துள்ளன. சிங்கப்பூரில் 2021 சூலை முதல் மின்னணுக் கழிவைத் திரட்டும் திட்டம் சட்டப்படி நடைமுறையில் உள்ளது.

மாணவர்க்கு இதனைக் கற்பிப்பதும் கடினமன்று. உறையைத் திறக்காத சோதனைகளை ஆசிரியர் முன்னிலையில் அவர்களே செய்யட்டும். என்ன மாற்றினோம், என்ன நிகழ்ந்தது என்பதைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதட்டும். பட்டியலைப் பார்த்த பின்னரே பலகையைக் குறை கூறவும், கேபிளை மாற்றிய பின்னரே கணினியைச் சந்தேகிக்கவும் பழகிய பிள்ளை, வேறு பொருளையும் ஆராயாமல் தள்ளிவிடத் தயங்கும். ஒரு பழைய திரை அக்கல்வியையும் தருமாயின், அது கொடுத்த விலைக்கு மேலேயே உழைத்துவிட்டது எனலாம்.