இழுக்கும் வலிமையும் தாங்கும் வலிமையும்

திருக்குறளின் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வண்டியின் அச்சை எடுத்துக்காட்டாகக் கொண்டு நீதியொன்று கூறப்பட்டிருத்தலைக் கற்றோர் யாவரும் அறிவர். ஏற்றப்படும் பொருள் எத்துணை இலேசானதாயினும், அளவு மிகுமாயின் அச்சு தாங்காது என்பது அதன் கருத்தாகும். அரசர்க்கெனக் கூறப்பட்ட அந்நீதி, மோட்டார் வண்டியின் பின்னே ஒரு சிறு வீட்டையே கொளுவி இழுத்துச் செல்லும் அமெரிக்கக் குடும்பங்களுக்கு உவமையாக அன்றி நேராகவே பொருந்துவதாயிற்று.

உறங்குமிடம், சமையலறை, நீர்த்தொட்டி, கழிவறை முதலியன அமையப்பெற்று, தனக்கென எஞ்சின் இன்றி, வேறொரு வண்டியால் இழுக்கப்படுவது பயண ட்றெயிலர் எனப்படும். 1927ஆம் ஆண்டில் லிண்ட்பேர்க் தனியனாய் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்வை செய்தவர்களுள் ஒருவரான ஹோலி போலஸ் என்பவர், 1934இல் விமான உடலைப் போன்று அலுமினியத் தகடுகளால் ஒரு ட்றெயிலரை அமைத்தார். 1936இல் வாலி பயம் என்பவர் அவ்வழியிலேயே ‘எயர்ஸ்ட்றீம் கிளிப்பர்’ என்பதனை உருவாக்கினார். அக்கால மோட்டார் வண்டிகளின் எஞ்சின் வலிமை சிறிதாகலின், நிறையைக் குறைத்தலும் காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத்தை அமைத்தலும் இன்றியமையாதனவாயின.

இன்றோ எஞ்சின்களின் வலிமை பன்மடங்கு பெருகிவிட்டது. அதனோடு ட்றெயிலர்களும் குளிர்சாதனப் பெட்டி, காற்றுச் சீராக்கி, பக்கவாட்டில் நீண்டு விரியும் அறை முதலியவற்றைப் பெற்றுப் பருத்துவிட்டன. ‘இவ்வண்டி இதனை இழுக்குமா?’ என்னும் பழைய வினாவுக்குப் பெரும்பாலும் ‘இழுக்கும்’ என்பதே விடையாகின்றது. ஆயின், இழுக்க வல்ல வண்டி அதனைத் தாங்கவும் வல்லதாகும் எனக் கொள்ளுதல் பெரும் பிழையாகும். இவ்விரு வலிமைகளையும் வேறுபடுத்தி அறியாமையே பல குடும்பங்களைத் தம்மை அறியாமலே ஆபத்துக்கு உள்ளாக்குகின்றது.

வரம்புகள் எவை?

வண்டியை அமைப்போர் அதற்குப் பல நிறை வரம்புகளை விதிக்கின்றனர். வண்டியும், அதில் ஏறியோரும், ஏற்றிய பொருள்களும் சேர்ந்து எத்துணை நிறை கொள்ளலாம் என்பது மொத்த நிறை வரம்பு. முன்னச்சும் பின்னச்சும் தனித்தனியே தாங்கத்தக்கவை அச்சு வரம்புகள். ஆட்களும் பொருள்களும் சேர்ந்து எத்துணை ஏறலாம் என்பது சுமை வரம்பு. வண்டியும் ட்றெயிலரும் ஒருங்கே கொள்ளத்தக்கது கூட்டு நிறை வரம்பு. பின்னே கொளுவத்தக்க ட்றெயிலரின் உச்ச நிறை இழுவை வரம்பு. இவையன்றி ரயர்களுக்கும் கொளுவிக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு.

இவற்றுள் விளம்பரங்களிலே பெரிய எழுத்திற் காணப்படுவது இழுவை வரம்பு ஒன்றே. சுமை வரம்போ சாரதியின் கதவருகே ஒட்டப்பட்ட சிறு தாளிற் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே பெயருடைய இரு வண்டிகளுள் ஒன்றற்கு நாற்சில்லு இயக்கமும் கூரைக் கண்ணாடியும் சேர்க்கப்பட்டிருப்பின், அதன் சுமை வரம்பு மற்றையதினும் குறைந்திருக்கும். ஆதலின் விற்பனைப் புத்தகத்தை விடுத்து, வாங்கும் வண்டியின் கதவையே திறந்து நோக்குதல் வேண்டும்.

இழுவை வரம்பு எங்ஙனம் துணியப்படுகின்றது என்பதும் அறியத்தக்கது. முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பிய முறையிலே அதனைக் கணித்து வந்தது. பின்னர் அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் ‘ஜே 2807’ என்னும் பொது நியமத்தை வகுத்தது. டொயோட்டா நிறுவனம் 2011ஆம் ஆண்டு வண்டிகளிலே அதனை முதலிற் கைக்கொண்டது. ஏனைய பெரிய நிறுவனங்களும் 2015ஆம் ஆண்டு வண்டிகளளவில் அதனைத் தழுவின. அந்நியமத்தின்படி, அரிசோனா மாநிலத்திலுள்ள டேவிஸ் அணைக்கட்டு ஏற்றத்திலே, 11.4 மைல் தூரத்தை, கடும் வெப்பத்தில், காற்றுச் சீராக்கி முழு அளவில் இயங்க, வண்டி மணிக்கு 40 மைல் வேகத்துக்குக் குறையாது ஏறுதல் வேண்டும். 12 விழுக்காட்டுச் சரிவில் நின்ற நிலையிலிருந்து புறப்படவும் வேண்டும். இச்சோதனை கடுமையானதே. எனினும் அதில் கொள்ளப்படுவோர் 150 இறாத்தல் நிறையுடைய இருவர் மாத்திரமே. பின்னிருக்கையிற் பிள்ளைகள் இல்லர். பின்தட்டில் விறகும் சைக்கிளும் இல்லை. குடும்பத்தின் பயணமோ அத்தகையதன்று.

முன்பாரம்

மாட்டு வண்டியிற் பாரமேற்றிய அனுபவமுள்ளோர்க்கு இவ்விடயம் எளிதில் விளங்கும். பாரம் அச்சுக்கு முன்னே மிகுமாயின் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுமாயின் நுகம் மேலெழும். ஆதலின் வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என நோக்கி அளவறிந்து ஏற்றுவர். பயண ட்றெயிலரிலும் இம்முறையே உண்டு. மாட்டின் கழுத்துக்குப் பதிலாக இழுக்கும் வண்டியின் கொளுவி அம்முன்பாரத்தைத் தாங்குகின்றது. ட்றெயிலரின் மொத்த நிறையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்பாரமாக இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்காவில் வழங்கும் விதி.

இம்முன்பாரம் இழுக்கப்படுவதன்று, சுமக்கப்படுவது. வண்டியின் பின்தட்டில் ஏற்றிய பொருளைப் போலவே அது சுமை வரம்பினுள் அடங்குதல் வேண்டும். பலரும் தவறும் இடம் இதுவேயாகும்.

ஒரு கணக்கு

விளக்கத்தின் பொருட்டுப் பின்வரும் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஓர் இறாத்தல் ஏறத்தாழ 0.454 கிலோகிராம் ஆகும். ஒரு பிக்கப் வண்டியின் வெறுநிறை 5,500 இறாத்தல்; மொத்த நிறை வரம்பு 7,000; எனவே சுமை வரம்பு 1,500. அதன் கூட்டு நிறை வரம்பு 14,900; இழுவை வரம்பு 9,000 எனக் கொள்க.

குடும்பத்தார் விரும்பும் ட்றெயிலர் வெறுமையாய் 5,800 இறாத்தல் நிறையுடையது. 40 அமெரிக்கக் கலன் நீர் ஏறத்தாழ 333 இறாத்தல். இரு உருளைகளிலுள்ள வாயு 40 இறாத்தல். மின்கலம், பாத்திரம், படுக்கை, உடை, உணவு, நாற்காலி முதலியன சேர, மொத்த நிறை 7,000 ஆகின்றது. இழுவை வரம்பு 9,000 ஆகலின் இன்னும் 2,000 இறாத்தல் இடமுண்டு என விற்பவரும் வாங்குபவரும் மகிழ்வர்.

இனி, வண்டி சுமப்பது யாதென நோக்குதல் வேண்டும். தாய், தந்தை, பிள்ளைகள் இருவர் ஆகிய நால்வரும் 500 இறாத்தல், பின்தட்டுப் பொருள்கள் 250, கொளுவிக் கருவிகள் 80, ஆக 830. ட்றெயிலரின் முன்பாரம் 13 விழுக்காடு எனக் கொள்ளின் 910. இரண்டும் சேர 1,740 ஆகும். சுமை வரம்போ 1,500. எனவே வண்டி தன் வரம்பினை 240 இறாத்தலாற் கடந்துவிட்டது. இழுக்கும் நிலையில் 2,000 இறாத்தல் மிச்சமிருக்கவே, தாங்கும் நிலையில் எல்லை மீறப்பட்டது. கூட்டு நிறையும் 13,330 மாத்திரமே ஆகலின், அவ்வரம்பை மாத்திரம் நோக்குவோர்க்கு இக்குற்றம் புலப்படாது.

கணக்கை மறுதலையாகச் செய்து பார்த்தல் நன்று. 1,500இல் 830 போக எஞ்சுவது 670. அதுவே தாங்கத்தக்க முன்பாரம். 13 விழுக்காடு 670 ஆயின், ட்றெயிலரின் முழு நிறை ஏறத்தாழ 5,150 ஆகும். பொருள்களுக்கென 1,200 கழிப்பின், வெறுமையாய் 4,000 இறாத்தலுக்குச் சற்றுக் குறைந்த ட்றெயிலரே இக்குடும்பத்துக்கு ஏற்றது. 9,000 என்ற விளம்பர எண்ணுக்கும் 5,150 என்ற உண்மை எண்ணுக்கும் உள்ள இடைவெளி இத்துணைப் பெரிதாகும்.

பிழையான பரிகாரம்

இந்நிலையை உணர்ந்த சிலர், பொருள்களை ட்றெயிலரின் பின்பகுதிக்கு மாற்றி முன்பாரத்தைக் குறைக்க முற்படுவர். கணக்கு சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் முன்னையதினும் கொடிய ஆபத்து அதனாலே விளையும். ட்றெயிலர் கொளுவியின் குண்டை மையமாகக் கொண்டு இருபுறமும் திரும்ப வல்லது. பாரம் பின்னே மிகுமிடத்து, பெரிய லொறி ஒன்று கடந்து செல்லும்போது எழும் காற்று அதனைச் சிறிது அசைத்தாலும் அவ்வசைவு தானே தணியாது. குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் ஒவ்வோர் அலைவும் முந்தியதினும் பெரிதாகி, ஈற்றில் இழுக்கும் வண்டியையே பக்கமாகத் தள்ளிக் கவிழ்க்கவுங் கூடும். அவ்வேளையில் வேகத்தை மிகுத்தலும் வண்டியின் பிறேக்கைச் சடுதியாக அழுத்துதலும் தகா. வேகமிதியிலிருந்து காலை எடுத்து, சுக்கானை நேராகப் பிடித்து, ட்றெயிலரின் பிறேக்கை மாத்திரம் கையால் இயக்குதலே முறையாகும்.

முன்பாரம் மிகுதலும் தீதே. வண்டியின் பின்புறம் தாழ, நெம்புகோலின் தன்மையால் முன்புறம் எழும். முன்சில்லுகள் நிலத்தை அழுத்துதல் குறையவே, திருப்பும் ஆற்றலும் நிறுத்தும் ஆற்றலும் குறையும். இரவில் விளக்கொளி எதிரே வருவோரின் கண்ணிற் படும். இதனைத் தீர்க்கவே நிறை பகிரும் கொளுவி பயன்படுத்தப்படுகின்றது. அதன் வில் தண்டுகள் பின்னச்சின் மீதுள்ள பாரத்தில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் ட்றெயிலரின் அச்சுகளுக்கும் மாற்றுகின்றன. எனினும் அஃது எந்த வரம்பையும் உயர்த்துவதன்று. மொத்த நிறை வரம்பு 7,000 எனப் பொறித்த வண்டி, அக்கொளுவியைப் பூட்டிய பின்னும் 7,000க்கு உரியதே.

நிறுத்தறிதல்

கணக்கு எத்துணைத் திருத்தமானதாயினும் தராசுக்கு ஈடாகாது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லொறிகள் தங்கும் நிலையங்களிலே ஒவ்வோர் அச்சையும் தனித்தனி நிறுக்கும் தராசுகள் உள. சிறு கட்டணத்துக்கு எவரும் நிறுத்துக்கொள்ளலாம். குடும்பத்தார் அனைவரும் ஏறிய நிலையில், முதலில் வண்டியைத் தனியாக நிறுத்தல் வேண்டும். பின்னர், பயணத்துக்கு ஆயத்தமாக நிரப்பிய ட்றெயிலரைக் கொளுவி, வில் தண்டுகளைப் பூட்டாது நிறுத்தல் வேண்டும். வண்டியின் இரு அச்சுகளிலும் இரண்டாம் முறை கூடிய தொகையே முன்பாரம். மொத்தத்தில் வண்டியின் தனி நிறையைக் கழிக்க வருவது ட்றெயிலரின் நிறை. இறுதியில் வில் தண்டுகளைப் பூட்டி மூன்றாம் முறை நிறுப்பின், ஒவ்வோர் அச்சும் தன் வரம்பினுள் நிற்கின்றதா என்பது தெளிவாகும்.

எஞ்சின் வலிமையையும் முற்றாக மறத்தல் ஆகாது. மிகையழுத்தக் காற்றூட்டி இல்லாத எஞ்சின், உயரம் ஒவ்வோர் ஆயிரம் அடி கூடுந்தோறும் ஏறத்தாழ 3 விழுக்காடு வலியிழக்கும். கொலராடோ மாநிலத்தில் நெடுஞ்சாலை 11,000 அடிக்கு மேலுள்ள ஐசன்ஹவர் சுரங்கத்தினூடே செல்கின்றது. அங்கே எஞ்சின் வலிமையில் மூன்றிலொரு பங்கு இல்லாதொழியும். எனினும் வலிமை குறைந்த வண்டி மெல்ல ஏறும், அவ்வளவே. இறக்கத்திலோ பாரமே வண்டியைத் தள்ளும். அப்பொழுது அச்சும் ரயரும் பிறேக்குமே உயிரைக் காப்பன.

ஆதலின், ட்றெயிலரை விரும்பித் தெரிந்தபின் வண்டியின் வரம்பை நோக்குதல் முறையன்று. குடும்பத்தையும் பொருளையும் முதலில் நிறுத்து, சுமை வரம்பிற் கழித்து, எஞ்சியதற்கேற்ற முன்பாரத்தைக் கணித்து, அதன்பின்னரே ட்றெயிலரைத் தெரிதல் வேண்டும். அதன் வெறுநிறையை விடுத்து, நிரப்பிய நிறையையே கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். எல்லா வரம்புகளுள்ளும் முந்தி எட்டப்படுவது எதுவோ அதுவே உண்மை வரம்பாகும்.

சரக்கு லொறிகளை வீதியோரத்தில் நிறுத்தி நிறுக்கும் அதிகாரிகள் குடும்ப வண்டிகளை வழக்கமாக நிறுப்பதில்லை. விற்பவரின் பொறுப்பு விற்றவுடன் முடிந்துவிடுகின்றது. வரம்பு மீறிய வண்டியும் சமநிலத்திலே, காற்றில்லாத நாளிலே, குறையொன்றும் காட்டாது ஓடும். குறை வெளிப்படும் கணத்திலோ அதனைத் திருத்த அவகாசமிராது. எனவே புறப்படுமுன் கதவருகேயுள்ள சிறு தாளைப் படித்து, தராசில் ஏற்றி அறியும் கடமை, பின்னிருக்கையிற் பிள்ளைகளை இருத்திச் சுக்கானைப் பிடிப்பவர்க்கே உரியதாகும்.