அச்சியந்திரம் வாங்கப் போன இளைஞர்

'தெளிவு' என்பது அழகான சொல். அதன் அடி 'தெள்'. சுளகிலே அரிசியை இட்டுக் கல்லும் குறுநொயும் ஒருபுறம் ஒதுங்க, நல்லரிசி ஒருபுறம் சேரத் தட்டித் தட்டி எடுப்பது தெள்ளுதல். கஞ்சி அடங்கியபின் மேலே நிற்கும் நீருக்கும் தெளிவென்றே பெயர். கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைப்பது தமிழர் பழைய வழக்கம். கலித்தொகையிலே இஃது உவமையாக வந்திருக்கிறது. ஒன்று கவனிக்கத்தக்கது. கொட்டையைப் பானையருகே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் நீர் தெளியாது. உரைக்க வேண்டும். அரிசியும் தானே தெள்ளுப்படுவதில்லை. தமிழிலே தெளிவு என்பது கைவேலையோடு பிறந்த சொல்.

இந்தச் சொல்லாராய்ச்சி இப்பொழுது எதற்கு என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. இக்காலத்து இளைஞர் சிலர் பிறரிடம் வேலை தேடிப் போகாமல் தாமே ஒரு தொழிலைத் தொடங்க விரும்புகின்றனர். அதற்கு 'ஸ்டார்ட்டப்' என்று பெயர் வழங்குகிறது. நம் பாடநூல்கள் முயற்சியாண்மை என்கின்றன, நல்ல சொல்தான். 2009 இல் போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்திலும் இவ்விருப்பம் முளைத்தது. யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புக்கள் இதற்கெனப் போட்டிகளும் பயிற்சிகளும் நடத்தி வந்துள்ளன. இவ்விளைஞரோடு பேசினால் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "இன்னும் கிளியர் ஆகவில்லை, ஐயா." யோசனை இருக்கிறது, ஊக்கம் இருக்கிறது, தெளிவு மாத்திரம் வரவில்லையாம். அது வந்ததும் தொடங்குவார்களாம்.

வீட்டிலோ வேறொரு தெளிவு முன்னமே ஆயத்தமாக இருக்கிறது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது நம்மூர்ப் பழமொழி. கோறணமேந்து கிடையாவிட்டால் கனடா. இவ்விரண்டும் இல்லாத மூன்றாவது வழியொன்றை மகன் சொன்னால் தகப்பனார் திருக்குறளை எடுத்து விடுவார். எண்ணிச் செய், எண்ணிச் செய் என்பார்.

அக்குறளை வாசகர் எல்லோரும் அறிவர். ஆதலால் அதனை ஈண்டு எடுத்தெழுத வேண்டுவதில்லை. தெரிந்து செயல்வகை என்னும் நாற்பத்தேழாம் அதிகாரத்தில் இருப்பது. இலக்கணம் படிப்பிப்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். அதிலே 'எண்ணி' என்பது வினையெச்சம். எச்சம் தானாக நில்லாது; முற்றை அவாவி நிற்கும். முற்று 'துணிக' என்னும் வியங்கோள். தகப்பன்மார் எச்சத்தைப் பிடித்துக்கொண்டு முற்றை விட்டுவிடுகிறார்கள். அவ்வாறு விட்டால் வாக்கியமே முடிவதில்லை. அடுத்த அதிகாரங்களும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்றே செல்கின்றன. வலியும் காலமும் இடமும் திண்ணையில் இருந்து அறியப்படுபவை அல்ல.

துணிந்தபின் எண்ணலாம் என்பதையும் அதே குறள் குற்றமென்கிறதே எனின், அதுவும் உண்மையே. அங்கே சொல்லப்படுவது கருமம். மேற்கொண்ட கருமம் ஒன்று; அதற்குரிய கருவி வேறொன்று. கருமத்தில் ஊசலாடலாகாது. கருவிகளோ ஒவ்வொன்றாகவே தெரியவரும். இதற்கு நூலுதாரணம் வேண்டியதில்லை. நல்லூரிலே பிறந்த ஒருவருடைய வரலாறே போதும்.

கந்தப்பிள்ளையின் மகன் ஆறுமுகம் 1822 டிசெம்பர் 18 இல் பிறந்தவர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, 1841 முதல் அங்கேயே பேர்சிவல் பாதிரியாரிடம் பண்டிதராகவும் ஆசிரியராகவும் இருந்தவர். விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலே பாதிரியாருக்குத் துணைநின்றவர். நல்ல சம்பளமும் மதிப்பும் உள்ள இடம் அது. பேர்சிவலிடம் அவர் கற்றதை நம்மவர் சிலர் குறைத்துச் சொல்வதுண்டு. அது நியாயமன்று. வகுப்புப் பிரித்துப் பள்ளிக்கூடம் நடத்துவது எப்படி, அச்சுப்பிரதி திருத்துவது எப்படி, ஒரு கூட்டத்தின் முன் ஒழுங்காகப் பேசுவது எப்படி என்பவை மிஷன் சூழலிலே கண்ணெதிரே நடந்தவை. ஒரு தொழிலைத் தாமாகத் தொடங்க எண்ணுவோர் முதலிற் பிறரிடம் வேலை செய்வதால் வரும் பயன் இதுவே.

அவர் மனத்திலே ஒரு கருமம் உருவாயிற்று. சைவப் பிள்ளைகள் தம் சமயத்தையும் தம் மொழியையும் முறையாகக் கற்க வேண்டும். இவ்வளவே. எப்படி என்பது அப்பொழுது முழுதும் தெரிந்திருக்குமா? நடந்தவற்றின் வரிசையைப் பார்த்தால் தெரிந்திராது என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலிலே அவர் அச்சகமும் வைக்கவில்லை, பள்ளிக்கூடமும் வைக்கவில்லை. 1847 டிசெம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே ஒரு பிரசங்கம் செய்தார். வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. நண்பர் கார்த்திகேச ஐயரும் உடன் நின்றார். இதற்கு முதல் வேண்டுவதில்லை. வாயும் நேரமும் போதும். பகலில் மிஷன் உத்தியோகம். வெள்ளியிற் கோயிற் பிரசங்கம். ஏறக்குறைய ஒன்பது மாதம் இப்படி இரண்டு தோணியிலே கால்வைத்திருந்தார். இதனைத் தடுமாற்றம் என்று நான் கொள்ளேன். கேட்க ஆளிருக்கிறதா என்று சோதித்த காலம் அது.

ஆளிருந்தது. ஆனாற் பிரசங்கம் வளர்ந்தவர்க்கே பயன்படும். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. அவ்வாண்டு செப்டெம்பரில் பேர்சிவலிடம் விடைபெற்றார். வயது இருபத்தைந்து. இல்வாழ்க்கையையும் அவர் மேற்கொள்ளவில்லை. தெள்ளுதல் என்று முன்னே சொன்னேனே, அது இங்கே நடந்தது. சம்பளம் ஒருபுறம் ஒதுங்கியது.

பள்ளி தொடங்கினால் அடுத்த முட்டுப்பாடு வரும். படிப்பிக்கப் புத்தகம் எங்கே? ஏட்டுச்சுவடி இருந்தது, எழுதுவோன் பிழையும் அதனோடு இருந்தது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் எல்லோர் கையிலும் ஒரே பாடம் இருக்க ஏடு உதவாது. யாழ்ப்பாணத்திலே அச்சியந்திரம் இல்லாமலில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷனார் 1830களிலேயே நிறுவி நடத்தினர். அது அவர்கள் தேவைக்கு. கடலுக்கு அப்பால் இந்தியாவிலோ 1835 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் சுதேசிகளும் தடையின்றி அச்சகம் நடத்தும் நிலை வந்திருந்தது. ஆகவே சென்னைக்குப் போய் ஓர் அச்சியந்திரம் வாங்குவது என்று முடிவாயிற்று. 1849 ஆடியளவில், மாணாக்கர் சதாசிவப்பிள்ளையோடு கடல் கடந்தார். வயது இருபத்தாறு.

வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் பிரசங்கம் செய்ததும், 'நாவலர்' பட்டம் பெற்றதும் எல்லோரும் சொல்லும் கதை. பட்டத்தைக் கொண்டாடும் நம்மவர் அப்பயணத்தின் மற்றச் செய்தியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. யந்திரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு அவர் உடனே திரும்பிவிடவில்லை. சென்னையிலேயே தங்கிச் சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரியுரையையும் அச்சிட்டு முடித்தார். இரண்டு நூல், அதிகமில்லை. எழுத்துக் கோப்பதில் வரும் பிழை எது, கடுதாசி எவ்வளவு செல்லும், கட்டடத்துக்கு என்ன கூலி என்பன போன்ற யாவும், தேர்ந்த அச்சுத்தொழிலாளர் நிறைந்த பட்டினத்திலேயே அறியப்பட்டிருக்கும். யாழ்ப்பாணத்துக்கு வந்தபின் யாரைக் கேட்பது? எரிக் ரீஸ் என்ற அமெரிக்கர் 2011 இல் ஒரு நூல் எழுதி, சிறிதாகச் செய்து பார், அதனாற் கற்றுக்கொள், பின்பு பெருக்கு என்று உலகமெங்கும் உள்ள புதுத்தொழிலாளர்க்கு உபதேசித்தார். அவரை நான் குறைசொல்லவில்லை. நூற்றறுபது ஆண்டு முந்திய ஓர் உதாரணம் அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலை ஏற்பட்டது. பாலபாடங்கள் வந்தன. பெரியபுராணம் வசனமாக வந்தது. வசனம் என்பதை இன்று நாம் இலேசாக நினைக்கிறோம். செய்யுளும் உரையுமே நூல் என்றிருந்த காலத்திலே, பிள்ளையும் வீட்டிலிருக்கும் பெண்ணும் வாசித்து விளங்க வேண்டும் என்று சந்தி பிரித்து, நிறுத்தக்குறியிட்டு ஒரு பெரிய புராணத்தை வசனத்திலே தருவதென்றால், வாசகர் யார் என்பது முற்றத் தெரிந்தவரே செய்யக்கூடியது. அத்தெளிவு பள்ளிக்கூடத்திலே பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பெற்றது என்பது என் துணிபு. பிற்காலத்திலே நாவலர் பதிப்பு என்றாற் பிழையிராது என்று பேராயிற்று. இக்காலத்து வணிகர் பெரும்பணம் செலவிட்டு விளம்பரத்தால் தேடும் நம்பிக்கை அது. அவருக்கு அஃது அச்சுப்பிரதி திருத்தியதால் வந்தது.

என்னிடம் படித்த இளைஞர் ஒருவர், கணினிப் பொறியியல் கற்றவர், அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். வெங்காயச் செய்கைக்காரர் சந்தை விலையைக் கைத்தொலைபேசியிலே அறிய ஒரு செயலி செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். ஓராண்டாகத் திட்டம் எழுதுகிறார். திட்டம் அறுபது பக்கம்.

"தம்பி, எத்தனை தோட்டக்காரரோடு கதைத்தீர்?" என்றேன்.

"இன்னும் இல்லை ஐயா. முதலிற் திட்டம் தெளிவாகட்டும் என்று பார்க்கிறேன்."

"நாளைக்கு விடிய ஐந்து மணிக்குச் சுன்னாகம் சந்தையில் நில்லும். திட்டத்தைக் கொண்டு போக வேண்டாம்."

நாலைந்து வாரம் கழித்து வந்தார். விலை அவர்களுக்கு முன்னமே தெரியுமாம். விதைவெங்காயத்துக்கும் உரத்துக்கும் முற்பணம் தந்தவரிடமே விளைச்சலைக் கொடுக்கவேண்டிய கட்டுப்பாடுதான் பலருக்குப் பிரச்சினையாம். விலை தெரிந்தாலும் வேறிடத்தில் விற்க முடியாது. அறுபது பக்கத்தில் இது ஓரிடத்திலும் இல்லை. அவர் முகத்திலே வருத்தம் இருந்தது. முன்பில்லாத ஒரு நிதானமும் இருந்தது. இப்பொழுது கணக்கு வேறு என்றார். உத்தியோகத்தை விடவா என்றும் கேட்டார். அதற்கு மறுமொழி சொல்வது கடினம்.

கடினம் என்பது ஏனெனில், நாவலர் வழி ஒன்றே வழியன்று. சிறுப்பிட்டியிலே 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அரசாங்க உத்தியோகத்தை அவர் விட்டுவிடவில்லை. உத்தியோகத்தில் இருந்துகொண்டும், ஓய்வுபெற்ற பின்னரும் ஏடு தேடினார். 1881 இல் வீரசோழியம், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் என்று பதிப்பித்தார். முன்னே தேற்றாங்கொட்டையைச் சொன்னேனே, அவ்வுவமை வரும் கலித்தொகையை 1887 இல் முதன்முதல் அச்சேற்றியவர் அவரே. சம்பளம் அவர் முயற்சிக்குக் கேடு செய்யவில்லை, சோறு போட்டது. நாள்தோறும் வகுப்பிலே நிற்க வேண்டிய கருமத்துக்குப் பகல் முழுவதும் வேண்டும். ஏடு ஒப்புநோக்கும் கருமம் இரவையும் விடுமுறையையும் கொண்டு நடக்கும். எந்தக் கருமம் என்று அறிந்தபின்பே உத்தியோகத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது. மாணாக்கருக்கு இவ்வளவே சொன்னேன். இப்போதைக்கு அவர் வேலையில் இருக்கிறார். சனிக்கிழமைகளிற் சந்தைக்குப் போகிறார்.

நாவலரைப் பற்றிப் புகழாகவே சொல்லி முடிப்பது எளிது. பணவிடயத்திலே அவருக்கு வாழ்நாள் முழுவதும் இழுபறிதான். பள்ளியிலே பிள்ளைகளிடம் பணம் வாங்குவதில்லை. புத்தக விற்பனையும் அன்பர் கொடையுமே தாங்கின. வண்ணார்பண்ணைப் பள்ளிக்கு அரசாங்க நன்கொடை 1870 இலேதான் கிடைத்தது. தொடங்கி இருபத்திரண்டு ஆண்டு. இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவர் பொருளுதவினார். திருக்குறட் பரிமேலழகருரை முதலியன அவ்வுதவியால் 1860ஐ ஒட்டி அச்சாயின. 1864 இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார். கடலின் இருகரையிலும் பொறுப்பு. மேற்பார்க்க ஒருவரே.

பரிமேலழகர், மேலே பேசிய குறளுக்கு உரை எழுதுமிடத்து, கருமத்தை முடிக்கும் உபாயத்தை எண்ணிய பின்பே தொடங்குக என்கிறார். உபாயம் என்ற சொல்லை உரையாசிரியர் வீணாகப் பெய்யவில்லை. அவ்வுரையை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் திருத்திப் பதிப்பித்த நாவலரே 1872 இல் வண்ணார்பண்ணையில் ஓர் ஆங்கிலப் பாடசாலையும் தொடங்கினார். தேவை உண்மையானது. ஆங்கிலம் வேண்டி மிஷன் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வேறிடம் வேண்டியிருந்தது. அக்கருமத்திலே அவருக்கு மயக்கமில்லை. ஆங்கில ஆசிரியருக்குச் சம்பளம் மிகுதி. அதனை மாதந்தோறும் கொடுக்க நிலையான வருவாய் இல்லை. பணமுடையாற் சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. 1879 இல் அவர் காலமானார்.

அப்பள்ளியின் தேவை அவரோடு மறையவில்லை. 1888 இலே யாழ்ப்பாணத்தில் சைவபரிபாலன சபை தோன்றியது. தனியொருவர் தோளிலே ஏற்றாமற் பலர் கூடிப் பொறுப்பேற்க அச்சபை இடமாயிற்று. பிறர் தொடங்கி நடத்திய ஓர் ஆங்கிலப் பாடசாலையை அது 1890 இல் ஏற்றுக்கொண்டது. வண்ணார்பண்ணையிலே இன்று யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி என்று நிற்பது அதுவே.