அம்மா அடையாளம் காணாத கார்த்திகைப்பூ

போன வருடம் ஆடி மாதம், லண்டனில் எங்கள் வீட்டின் பின்வளவில் தொட்டிக்குள் வைத்த கார்த்திகைக் கிழங்கு முதன்முதலாகப் பூத்தது. ஊரில் மாரி மழையோடு வேலியில் தானாகப் படர்ந்து பூக்கும் கொடி, இங்கே கோடை வெயிலைக் கண்டால்தான் பூக்கும். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு உடனே அனுப்பினேன். பதில் வந்தது: "இது என்ன பூ தம்பி, செவ்வரத்தையோ?"

அம்மாவின் கண்ணில் பிழையில்லை. திரையில் இருந்தது வெறும் சிவப்புத் திட்டு. இதழ் ஓரத்து நெளிவு இல்லை. அடியில் இருக்கவேண்டிய மஞ்சளும் செம்மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தது. அதே படத்தைப் பார்த்து மகள் பாடசாலைக்கு வரைந்துகொண்டுபோன பூவிலும் மஞ்சள் துளியும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் இந்தப் பூவை வேலியில் பார்த்து வளர்ந்தோம். எங்கள் பிள்ளைகள் படத்தில் பார்த்து வளர்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலாவதாக நிற்பது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும், ஈழத்தமிழர் தேசியப் பூவாகப் போற்றுவதும் அதுதான். அதன் நிறத்தைப் பிழையாகக் கொடுத்துவிட்டால், அந்தப் பிழைதான் பிள்ளைகளின் மனதில் தங்கும்.

கமரா ஏன் இப்படி ஏமாற்றுகிறது? கமராவின் உணரிக்கு நிறம் தெரியாது. வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். அதனால் அதன் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாக வைக்கிறார்கள். கொடாக் நிறுவனத்தில் வேலை செய்த பிறைஸ் பேயர் என்பவர் 1976இல் காப்புரிமை பெற்ற முறை இது. நான்கு கட்டத்தில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவந்த இதழில் பட்டு வரும் ஒளி பெரும்பாலும் சிவப்புக் கட்டங்களையே நிரப்பும். மற்றக் கட்டங்கள் கிட்டத்தட்ட வெறுமையாக இருப்பதால், "வெளிச்சம் போதாது" என்று எண்ணும் கமரா இன்னும் ஒளியை உள்ளே விடுகிறது. சிவப்புக் கட்டம் நிரம்பி வழிகிறது. 0 முதல் 255 வரையான அளவில் சிவப்பு 255ஐத் தொட்டுவிட்டால், அதற்கு மேலுள்ள வேறுபாடுகள் எல்லாம் ஒன்றாகிவிடும். நரம்பும் நெளிவும் மறைவது அதனால்தான்.

மஞ்சளும் இதில் அகப்படுகிறது. கமராவின் கணக்கில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. கார்த்திகைப்பூவின் மஞ்சள் பகுதியிலும் சிவப்புப் பகுதியிலும் சிவப்பின் அளவு உச்சத்தில் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பச்சையின் அளவுதான். சிவப்பு 255இல் முட்டி நிற்க, கூடுதல் ஒளியால் பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போனால், சிவப்பு செம்மஞ்சளை நோக்கி நகர்ந்துவிடும். எல்லைக் கோடு கலங்கும்.

இதற்கு மருந்து எளிது: ஒளியைக் குறையுங்கள். கைத்தொலைபேசியில் பூவைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரிய அடையாளத்தைக் கீழே இழுங்கள். பெரிய கமரா என்றால் வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு முதல் ஒரு படி வரை குறைக்கலாம். ஹிஸ்ரோகிராமில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டாமல் இருக்கவேண்டும். படம் சற்று இருண்டாலும் பின்னர் திருத்தலாம். வழிந்துபோன சிவப்பை மீட்பது கடினம்.

அடுத்தது வெளிச்சத்தின் நிறம். வீட்டு மின்குமிழ் ஏறத்தாழ 2,700 கெல்வின், மஞ்சளாக எரியும். நடுப்பகல் வெயில் 5,500 அளவில். லண்டனின் மேகமூட்டம் 6,500ஐத் தாண்டி நீலம் கலந்து வரும். வெள்ளைக் கடதாசி எந்த வெளிச்சத்திலும் எங்கள் கண்ணுக்கு வெள்ளைதான். கமராவோ ஊகிக்கிறது. சட்டம் முழுக்கச் சிவப்புப் பூ நிறைந்திருந்தால், வெளிச்சமே சிவப்பு என்று எண்ணி நிறத்தை மாற்றிவிடவும் கூடும். ஆகவே தானியங்கி வெண்மைச் சமநிலையை நிறுத்தி, 'மேகமூட்டம்' அல்லது 'வெயில்' என்று நீங்களே தெரிவுசெய்யுங்கள். பூவுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து முதலில் ஒரு படம் எடுத்தால், பின்னர் அதை வைத்து மற்றப் படங்களையும் சரிசெய்யலாம். யன்னல் வெளிச்சமும் மின்குமிழும் ஒன்றாக விழும் இடத்தைத் தவிருங்கள். நாங்கள் எப்போதும் திட்டித் தீர்க்கும் லண்டன் மேகம் பூப் படத்துக்கு நல்லது; நிழலும் பளபளப்பும் இல்லாத மென்மையான ஒளி அது.

நீலப் பூக்களின் சிக்கல் வேறு. சில நீல இதழ்கள் எங்கள் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஆழ்ந்த சிவப்பொளியையும் தெறிக்கின்றன. பிலிம் காலத்தில் அதனால் நீலப்பூ இளஞ்சிவப்பாகப் பதிவானது. இன்றைய கமராக்களில் அதற்குத் தடுப்பு உண்டு என்றாலும், சில வேளைகளில் நீலம் ஊதாவாகச் சரியும். அங்கே பூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் திருத்துவதே வழி.

எவ்வளவு செய்தாலும் திரைக்கும் ஒரு எல்லை உண்டு. இணையப் படங்கள் பெரும்பாலும் 1996இல் வகுத்த 'எஸ்ஆர்ஜிபி' நிற எல்லைக்குள் அடங்குபவை; சில இதழ்களின் சிவப்பு அதற்கு வெளியே நிற்கிறது. அதனால்தான் 1804இல் லண்டனில் தொடங்கிய அரச தோட்டக்கலைச் சங்கம் படத்தை மட்டும் நம்புவதில்லை. 1966 முதல் அது வெளியிட்டுவரும் நிற அட்டைத் தொகுதியில் இப்போது 900க்கு மேற்பட்ட நிறங்கள் உள்ளன. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துளை. அதன் பின்னால் இதழைப் பிடித்து, வடக்கு வானத்தின் நேரடி வெயிலற்ற ஒளியில் ஒப்பிட்டு, இலக்கத்தை எழுதிக்கொள்வார்கள். நாங்களும் எடுத்த நாளையும் பூ விரிந்து எத்தனையாம் நாள் என்பதையும் படத்தோடு எழுதி வைக்கலாம். கார்த்திகைப்பூ பச்சை சாயலோடு விரிந்து, மஞ்சளும் சிவப்புமாகி, கடைசியில் முழுச் சிவப்பாக முடிவது. எந்த நாள் என்று தெரியாவிட்டால் எந்த நிறம் சரி என்று சொல்லமுடியாது. ஒன்று மறக்கவேண்டாம்: கிழங்கு முதல் விதை வரை கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. படமெடுக்கும் ஆர்வத்தில் பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள்.

இந்த வருடம் மேகம் மூடிய ஒரு காலையில் ஒளியை ஒரு படி குறைத்து, சாம்பல் அட்டை வைத்து எடுத்தேன். திரையின் 'இரவு ஒளி'யை நிறுத்தி, மகளையும் பக்கத்தில் இருத்திப் பூவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது: "இது விரிஞ்சு ரெண்டு நாள்தான் இருக்கும் தம்பி, அடியில இன்னும் மஞ்சள் கிடக்கு. நாலு நாள் விட்டு இன்னொண்டு எடுத்து அனுப்பு."